சித்திரையில் நடவு: பெர்த் மணலில் ஒரு தோட்டம்

செடிக்குத் தண்ணீர் ஊற்றினால் மண் நனையும். இதில் சந்தேகப்பட என்ன இருக்கிறது என்றுதான் நானும் இருந்தேன். மேற்கு ஆஸ்திரேலியாவில், பெர்த் நகரத்தின் தெற்குப் பக்கம் கேனிங் வேலில் வீடு வாங்கிக் குடிபோன முதல் கோடை அது. 2019-ன் கடைசி. கொல்லையில் நாலு பாத்தி போட்டு, கத்தரி, மிளகாய், வெண்டை, ஒரு எலுமிச்சை, ஒரு கறிவேப்பிலை எல்லாவற்றையும் நவம்பரில் ஒரே வாரத்தில் வைத்தேன். தினமும் சாயங்காலம் அரைமணி நேரம் ஹோஸைப் பிடித்துக்கொண்டு நிற்பேன். பொங்கல் வரும்போது கத்தரி இலையெல்லாம் அப்பளம் மாதிரி நொறுங்கியது. வெண்டை முழங்கால் உயரத்தோடு நின்றுவிட்டது.

தண்ணீர் போதவில்லை என்று நினைத்து இன்னும் கால்மணி நேரம் கூட்டினேன். ஒருநாள் தண்ணீர் விட்டு முடித்த கையோடு, செத்துப்போன ஒரு கத்தரியைப் பிடுங்கினேன். வேர் வந்த குழிக்குள் கையை விட்டால், மேலே ஒரு விரல் கனத்துக்குத்தான் ஈரம். அதற்குக் கீழே சாம்பல் நிற மணல், காய்ந்த மாவு மாதிரி விரலிடுக்கில் உதிர்ந்தது. அந்த இடத்தில் ஒரு செம்பு தண்ணீரை மெதுவாக ஊற்றிப் பார்த்தேன். தண்ணீர் முத்து முத்தாகத் திரண்டு, மேலே தூசியைப் போர்த்திக்கொண்டு, கொஞ்ச நேரம் அப்படியே நின்றது. அப்புறம் சரிவு இருந்த பக்கம் உருண்டுபோய், வேலியோரத்தில் இருந்த ஒரு ஓட்டையில் இறங்கிவிட்டது. தாமரை இலைத் தண்ணீர் என்று பேச்சுக்குச் சொல்வோமே, அதை மண்ணிலேயே பார்த்தேன். அன்று ராத்திரி எனக்குச் சரியாகத் தூக்கமில்லை. இரண்டு மாதம் நான் வேலிக்குத்தான் தண்ணீர் ஊற்றியிருக்கிறேன்.

எனக்குச் சொந்த ஊர் கோவில்பட்டிப் பக்கம். கரிசல்காடு. மழை பெய்தால் காலைப் பிடித்துக்கொண்டு விடாத மண், காய்ந்தால் கை நுழைகிற அளவுக்கு வெடிப்பு விடும். ஒரு மழையின் ஈரத்தை வாரக்கணக்கில் வயிற்றில் வைத்திருக்கும். அந்த மண்ணில் வளர்ந்தவனுக்கு, தண்ணீரை வேண்டாம் என்று சொல்லும் மண் இருக்கும் என்பதே தெரியாது. வீடியோ காலில் மணலை அள்ளி அப்பாவிடம் காட்டினேன். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "இது மண்ணு இல்லய்யா, தவிடு மாதிரி இருக்கு. முதல்ல இதை மண்ணாக்கு. செடியை அப்புறம் பாப்போம்" என்றார்.

அவர் சொன்னது அப்படியே சரி. பெர்த் நகரம் கடற்கரையோரமாக நீளும் பழைய மணல்மேடுகளின் மேல் உட்கார்ந்திருக்கிறது. எங்கள் பகுதியில் இருப்பது பாஸன்டீன் மணல் என்று சொல்லப்படும் சாம்பல் மணல். களிமண் என்பது ஏறக்குறைய இல்லவே இல்லை. அதனால் தண்ணீரும் நிற்காது, சத்தும் நிற்காது. இது போதாதென்று, மட்கும் இலைதழைகளில் இருந்து வரும் மெழுகு ஒவ்வொரு மணல்துகள் மேலும் பூச்சு மாதிரி படிந்துவிடுகிறது. ஈரமாக இருக்கும்வரை அது தெரியாது. ஒருமுறை முழுக்கக் காய்ந்துவிட்டால், அப்புறம் தண்ணீரை ஒட்டவிடாது.

இதற்கு நான் செய்ததைச் சொல்கிறேன். முதலில் வெட்டிங் ஏஜென்ட். சோப்பு வேலை செய்வது போலத்தான் இதுவும், மெழுகைத் தாண்டித் தண்ணீரை உள்ளே போகவிடும். தண்ணீரில் கலந்து ஊற்றுவதும் உண்டு, குருணையாகத் தூவுவதும் உண்டு. வருஷத்துக்கு இரண்டு தடவை போடுகிறேன்: கோடைக்கு முன் செப்டம்பர் கடைசியில் ஒன்று, மழைக்கு முன் ஏப்ரலில் ஒன்று. ஆனால் இது தற்காலிக வைத்தியம். நிரந்தர வைத்தியம் களிமண். பெண்டோனைட் களிமண்தூள் மூட்டையாகக் கிடைக்கிறது. ஒரு சதுர மீட்டருக்கு 5 கிலோ கணக்கில் தூவி, அதன்மேல் நாலு விரல் உயரத்துக்குக் கம்போஸ்ட் பரப்பி, இரண்டையும் ஒரு மண்வெட்டி ஆழத்துக்குக் கலந்தேன். களிமண்ணை மேலே தூவிவிட்டு அப்படியே விட்டால் ஏடு கட்டிக்கொள்ளும், கட்டாயம் கலக்க வேண்டும். காற்றில்லாத நாளாகப் பார்த்து, மூக்கையும் வாயையும் மூடும் மாஸ்க் போட்டுக்கொண்டு செய்யுங்கள். இந்த ஊர் கம்போஸ்ட் மூட்டைகளில் நுரையீரலைத் தாக்கும் லெஜியனெல்லா கிருமி பற்றி எச்சரிக்கை அச்சடித்திருப்பார்கள், அது சும்மா போட்டதில்லை. மூட்டையைப் பிரிக்கும்போது முகத்தை விலக்கி, கையுறையோடு, மெதுவாக.

முதல் வருஷமே பெரிய மாற்றம் தெரியும் என்று எதிர்பார்க்காதீர்கள். எனக்கு மூன்றாவது வருஷம்தான் பாத்தியில் முதல் மண்புழுவைப் பார்த்தேன். மகளைக் கூப்பிட்டுக் காட்டினேன். கம்போஸ்ட் இந்த வெயிலில் வேகமாகக் கரைந்துபோகும். ஒவ்வொரு வருஷமும் போட்டுக்கொண்டே இருக்க வேண்டியதுதான். களிமண் மட்டும் போகாது, அதனால்தான் அந்தச் செலவை முதலில் செய்யச் சொல்கிறேன்.

மண் ஒரு பாதி என்றால் காலம் இன்னொரு பாதி. இதில்தான் நான் அதிகமாகத் தவறினேன்.

பெர்த்தில் வருஷத்துக்குச் சராசரியாக 730 மில்லிமீட்டர் மழை. எங்கள் ஊர்ப் பக்கம் பெய்வதைவிடப் பெரிய வித்தியாசம் இல்லை. ஆனால் அதில் முக்கால்வாசிக்கு மேல் மே முதல் செப்டம்பர் வரைக்குள், அதாவது குளிர்காலத்தில் பெய்துவிடும். டிசம்பர், ஜனவரி, பிப்ரவரி மூன்றும் சேர்ந்தாலும் சராசரி 50 மில்லிமீட்டரைத் தொடாது. வெயில் உச்சத்தில் இருக்கும்போது மழை கிடையாது, மழை இருக்கும்போது வெயில் கிடையாது. மத்தியதரைக் கடலைச் சுற்றியுள்ள நாடுகள், கலிஃபோர்னியா, சிலியின் நடுப்பகுதி, தென்னாப்பிரிக்காவின் கேப் பகுதி, ஆஸ்திரேலியாவின் இந்தத் தென்மேற்கும் தெற்கும் என்று உலகத்தில் சில இடங்களில்தான் இப்படி.

பக்கத்து வீட்டில் ஒரு பெரியவர் இருக்கிறார். சின்ன வயதில் சிசிலியிலிருந்து வந்தவர். அவர் கொல்லையில் அத்தி, ஆலிவ், திராட்சைக் கொடி எல்லாம் இருக்கும். முதல் கோடையில் நான் நாற்று வாங்கி வருவதையும் அது சாவதையும் வேலிக்கு மேலாகப் பார்த்துக்கொண்டிருந்தவர், பிப்ரவரியில் ஒருநாள் கூப்பிட்டுச் சொன்னார். கோடையில் எதையும் நட வேண்டாம், இருப்பதைப் பிழைக்க வைத்தால் போதும், ஆன்சாக் தினம் முடிந்து முதல் நல்ல மழைக்கு நடு என்று. ஆன்சாக் தினம் என்பது போரில் இறந்தவர்களை இங்கே நினைவுகூரும் நாள், ஏப்ரல் 25. நம் கணக்கில் சித்திரை 12.

சித்திரையில் நடவா? ஊரில் கத்திரி வெயில் தொடங்கும் மாதம் அது. ஆடிப்பட்டம் தேடி விதை என்று கேட்டு வளர்ந்த காதுக்கு அது ஏறவே இல்லை. அப்பாவிடம் சொன்னபோது அவர் ஆச்சரியப்படவில்லை. "மழைக்கு முன்னால விதைக்கணும், ஈரம் இருக்கையில வேர் எறங்கணும், கோடையில காடு சும்மா கிடக்கணும். நம்ம மானாவாரிதானய்யா இது. மாசம்தான் வேற" என்றார்.

எனக்கு எல்லாம் விளங்கியது அந்த இடத்தில்தான். கரிசலில் புரட்டாசியில் விதைத்து, ஐப்பசி கார்த்திகை மழையில் வளர்த்து, தை மாசியில் வீட்டுக்குக் கொண்டுவருவோம். அப்புறம் பங்குனி, சித்திரையில் காட்டில் யாரும் பயிரைத் தேடுவதில்லை. கோடை உழவு ஓட்டிவிட்டு வானத்தைப் பார்ப்போம். நானோ பெர்த்துக்கு வந்தவுடன் அதையெல்லாம் மறந்துவிட்டு, குழாயில் தண்ணீர் வருகிறது என்பதற்காக நடுக்கோடையில் பயிர் வைத்தேன். இங்கே செடிக்குத் தூங்கும் காலம் குளிர் இல்லை, கோடை. அதைத் தூங்கவிட வேண்டும்.

அதற்குப் பின் மரம், புதர், கொடி என்று வருஷக்கணக்கில் நிற்கப்போகும் எதையும் ஏப்ரல் கடைசிக்கும் ஜூனுக்கும் நடுவில்தான் வைக்கிறேன். அப்போது மண்ணில் கோடைச் சூடு மிச்சமிருக்கும், மேலே மழை தொடங்கியிருக்கும். இலை பெரிதாக வளராது, பார்க்க ஒன்றும் நடக்காத மாதிரி இருக்கும். வேர் மட்டும் கீழே போய்க்கொண்டே இருக்கும். 2020 மே மாதம் வைத்த மாதுளையும் அதே வருஷம் அக்டோபரில் வைத்த மாதுளையும் பக்கத்துப் பக்கத்தில் நின்றன, ஒரே நர்சரி, ஒரே உயரம். அடுத்த பிப்ரவரியில் மே மாதுளைக்கு வாரம் ஒரு தண்ணீர் போதுமாக இருந்தது. அக்டோபர் மாதுளை மூன்று தடவை விட்டும் வாடியது. கறிவேப்பிலையும் முருங்கையும் மட்டும் விதிவிலக்கு. அவை குளிருக்கு ஒடுங்குபவை, அவற்றை செப்டம்பர் கடைசியில் வைத்து முதல் கோடை முழுக்கக் கூடவே நிற்க வேண்டும்.

இந்த மண்ணின் மூத்த குடிகளான நூங்கார் மக்கள் வருஷத்தை ஆறு பருவமாகப் பிரிக்கிறார்கள். பிராக், புனுரு, ஜெரான், மக்குரு, ஜில்பா, கம்பராங். ஏப்ரல், மே மாதங்கள் ஜெரான்: வெயில் இறங்கி, காலையில் பனித்துளி தெரிய ஆரம்பிக்கும் காலம். பள்ளியில் கார், கூதிர், முன்பனி என்று ஆறு பெரும்பொழுது படித்த நமக்கு இது பிடித்துக்கொள்ள எளிது. நாலு பருவமாக அச்சடித்த நாள்காட்டியைவிட இது என் தோட்டத்துக்கு நன்றாகப் பொருந்துகிறது. கோடையே இரண்டாக இருக்கிறது பாருங்கள். பிராக்கில் மதியத்துக்கு மேல் கடல்காற்று வந்து காப்பாற்றும், ஃப்ரீமேன்டில் டாக்டர் என்றே அதற்குப் பெயர் வைத்திருக்கிறார்கள். பிப்ரவரி, மார்ச் புனுரு அப்படியில்லை. கிழக்கே உள்நாட்டிலிருந்து காலையிலேயே அனல்காற்று வீசும். செடிகள் சாவது பெரும்பாலும் இந்த இரண்டாவது கோடையில்தான், ஜனவரியைத் தாண்டிவிட்டோம் என்று நாம் அசரும்போது.

காய்கறிக்கும் இதே கணக்குதான். வெந்தயக்கீரை, கொத்தமல்லி, பாலக், முள்ளங்கி, பட்டாணி, பூண்டு எல்லாம் ஏப்ரல், மே. கொத்தமல்லி அக்டோபர் வெயில் பட்டதும் பூத்துவிடும், அதோடு விட்டுவிட வேண்டும். வெண்டை, கத்தரி, மிளகாய், புடலை வேண்டுமென்றால் செப்டம்பர் கடைசியில் வைத்து, வெயில் ஏறுவதற்குள் வேர் பிடிக்க வைக்க வேண்டும். கோடைக்கு இரண்டே பாத்தி, அதுவும் நிழல்வலைக்குக் கீழே என்று நான் எல்லை வைத்துக்கொண்டேன். அந்த இரண்டு பாத்தி கொடுத்த வெண்டையை எங்கள் வீட்டில் தின்று முடிக்க முடியவில்லை.

வெயில் வரும் திசையைச் சொல்லாமல் விடக்கூடாது. ஊரில் மார்கழி, தையில் வெயில் தெற்கே சாய்ந்து வரும். இங்கே பூமத்திய ரேகைக்குத் தெற்கே இவ்வளவு தள்ளி இருப்பதால் வருஷம் முழுக்க நண்பகல் சூரியன் வடக்கேதான். பழக்கத்தில் முதல் குளிர்காலத்துக் கீரைப் பாத்தியை வீட்டின் தெற்குச் சுவரோரம் போட்டேன். ஜூன், ஜூலை இரண்டு மாதமும் அங்கே வெயிலே விழவில்லை. வெந்தயம் நூல் மாதிரி நீண்டு சாய்ந்தது. குளிர்காலக் கீரை வீட்டுக்கு வடக்கே, கோடைத் தொட்டிகள் வீட்டுக்குக் கிழக்கே என்று வைத்துக்கொள்ளுங்கள். மேற்கு வேலியோரம் எதையும் வைக்கும் முன் ஒரு பிப்ரவரி மாலை நாலு மணிக்குத் தகர வேலியைத் தொட்டுப் பாருங்கள். கையை வைத்திருக்க முடியாது. அந்தச் சூடு முழுக்கச் செடிக்குத்தான். நான் அங்கே ரோஸ்மேரியும் ஆலிவும் வைத்திருக்கிறேன், அவை தாங்குகின்றன. ஆலிவ் இலையைத் திருப்பிப் பார்த்தால் அடியில் வெள்ளிப் பூச்சு போல நுண்ணிய படலம் இருக்கும். தண்ணீர் ஆவியாகாமல் அது காக்கிறது.

சரி, தண்ணீருக்கு வருகிறேன். இங்கே ஸ்பிரிங்க்ளர் போட வாரத்தில் இரண்டு நாள்தான், அது வீட்டு எண்ணின் கடைசி இலக்கத்தைப் பொறுத்தது. காலை 9 மணிக்கு முன் அல்லது மாலை 6 மணிக்குப் பின். ஜூன் 1 முதல் ஆகஸ்ட் 31 வரை அறவே நிறுத்திவிட வேண்டும். ஹோஸைக் கையில் பிடித்து ஊற்றலாம். முதலில் எனக்கு இது அநியாயமாகப் பட்டது. இப்போது இல்லை. 1970-களிலிருந்து இந்தத் தென்மேற்குப் பகுதியில் மழை குறைந்துகொண்டே வருகிறது. அணைகளை நம்பி இருக்க முடியாது என்றுதான் குவினானாவில் 2006-ல் கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலை வந்தது. அவ்வளவு செலவில் உப்பெடுத்த தண்ணீரை வேலியோரம் ஓடவிட்டவன் நான்.

வாரத்துக்கு இரண்டு நாள் என்பது போதும், தண்ணீர் போய்ச் சேருகிறதா என்பதுதான் கேள்வி. இதை அளக்க ஒரு வழி: ஒரே அளவுள்ள தயிர் டப்பாக்கள் எட்டை, நேர்ச்சுவர் உள்ளதாகப் பார்த்து, தோட்டத்தில் அங்கங்கே வைத்து ஸ்பிரிங்க்ளரை ஓடவிடுங்கள். அப்புறம் ஸ்கேலை விட்டு அளங்கள். ஒரு தடவைக்கு 10 மில்லிமீட்டர் விழ வேண்டும் என்பது இங்கே சொல்லப்படும் கணக்கு. எனக்கு ஒரு டப்பாவில் 3, இன்னொன்றில் 18. அடைத்துக்கொண்ட தலைகளைச் சுத்தம் செய்து, திரும்பியிருந்ததை நேராக்கியதோடு பாதிப் பிரச்சினை தீர்ந்தது. அதன்பின் பாத்திகளுக்குச் சொட்டுநீர்க் குழாய் போட்டேன். எலுமிச்சைக்கும் கறிவேப்பிலைக்கும் பக்கத்தில் மெருகிடாத மண்தொட்டியின் ஓட்டையை அடைத்து, கழுத்துவரை புதைத்து, தண்ணீர் ஊற்றி மூடி வைத்திருக்கிறேன். நம் ஊர்ப் பானைப் பாசனம்தான். அரிசி கழுவிய தண்ணீர் இந்தத் தொட்டிகளுக்குள் போகிறது. கசிந்து கசிந்து இரண்டு மூன்று நாளைக்கு வருகிறது. எது செய்தாலும் வாரம் ஒருமுறை விரலை மண்ணுக்குள் விட்டுப் பாருங்கள். மேலே நனைந்திருப்பதை நம்பாதீர்கள்.

மண்ணின் மேல் போர்த்தும் மூடாக்கு இல்லாமல் இந்த ஊரில் தோட்டம் இல்லை. அதிலும் கரடுமுரடான மரச்சில்லாகப் பார்த்துப் போடுங்கள். நான் முதலில் பொடிப்பொடியாக அழகாக இருந்ததை வாங்கினேன். அது மெத்தை மாதிரி இறுகி, மழைத்தண்ணீரைத் தானே குடித்துவிட்டு, மண்ணுக்கு ஒன்றும் விடவில்லை. 5 முதல் 7 சென்டிமீட்டர் போதும், அடித்தண்டைத் தொடாமல் ஒரு சாண் தள்ளி. மண் நன்றாக நனைந்திருக்கும்போது, அக்டோபரில் போடுவது நல்லது. காய்ந்த மண்மேல் போட்டால் காய்ந்த மண்ணைத்தான் மூடி வைப்பீர்கள். 2021-ல் கிழக்கு ஃப்ரீமேன்டிலில் மரத்தைத் துளைக்கும் ஒரு சிறு வண்டு கண்டுபிடிக்கப்பட்டது. அதிலிருந்து மரத்துண்டு, மரச்சில்லு கொண்டுபோவதற்குக் கட்டுப்பாடு இருக்கிறது, எங்கிருந்து வருகிறது என்று கேட்டு வாங்குங்கள்.

உரத்தில் ஒரு பெரிய பிழை செய்தேன். முன்பக்கம் ஒரு பாங்சியாவும் இரண்டு கிரெவில்லியாவும் இருந்தன, ஒரே குடும்பத்து ஆஸ்திரேலியச் செடிகள், வீட்டை விற்றவர்கள் வைத்தவை. மெலிந்து தெரிகிறதே என்று கோழிஎரு அள்ளிப் போட்டேன். ஒரே மாதத்தில் கிரெவில்லியா இலைகள் மஞ்சளாகி, ஓரம் கருகி, இரண்டும் போய்விட்டன. இங்குள்ள மண்ணில் பாஸ்பரஸ் மிகமிகக் குறைவு. அந்தக் குடும்பத்துச் செடிகள் கொத்துக் கொத்தான வேர்களால் இருக்கும் கொஞ்சத்தையும் உறிஞ்சிப் பழகியவை. நிறையக் கொடுத்தால் நிறுத்தத் தெரியாமல் எடுத்துக்கொண்டு சாகும். மணல் பிடித்து வைக்காத மிச்ச உரம் நிலத்தடிநீர் வழியே கேனிங் ஆற்றுக்குப் போய்ப் பாசி பிடிக்க வைக்கிறது. இப்போது காய்கறிக்கு மட்டும், கொஞ்சம் கொஞ்சமாக. முன்பக்கத்துக்கு மூடாக்கைத் தவிர ஒன்றும் இல்லை. அங்கே வைத்த கங்காருப் பாதச் செடி, இந்த மாநிலத்தின் மலர் அது, பராமரிப்பே இல்லாமல் வருஷா வருஷம் பூக்கிறது.

2022 ஜனவரியில் தொடர்ந்து ஆறு நாள் 40 டிகிரியைத் தாண்டியது. அந்த ஆறு நாளில் கற்றதை இன்றும் செய்கிறேன். முந்தின நாள் சாயங்காலமே ஆழமாகத் தண்ணீர் விட்டுவிட வேண்டும். கறுப்புப் பிளாஸ்டிக் தொட்டிகளைத் தரையில் நிழலுக்கு இழுத்துவிட வேண்டும், உள்ளே வேர் வெந்துபோகும். அந்த வாரம் உரம், கத்தரிப்பு இரண்டும் கூடாது. கருகிய இலையைப் பார்த்ததும் கிள்ளத் தோன்றும், கிள்ளாதீர்கள். அதுதான் கீழே உள்ள இலைக்குக் குடை. நான் எலுமிச்சையைச் சுத்தம் செய்கிறேன் என்று கருகியதையெல்லாம் எடுத்த மறுநாள், அதுவரை மறைவில் இருந்த பட்டை வெயில்பட்டு வெடித்தது. வெடிப்பின் தழும்பு இன்னும் இருக்கிறது.

2024-ல் வேறு விதமான பாடம். முந்தின வசந்தத்திலிருந்தே மழை இல்லை. பெர்த் மலைச்சரிவிலும் தெற்கேயும் ஜாரா, மாரி மரங்கள் பழுப்பாகி நிற்பதைக் காரில் போகும்போது பார்த்தோம். நாற்றெல்லாம் தயாராக இருந்தது, ஏப்ரல் 25 தாண்டியது என்று நட்டுவிட்டேன். வானம் திறக்கவில்லை. ஐந்து வாரம் கையால் ஊற்றிக் காப்பாற்ற வேண்டியிருந்தது. பெரியவர் தேதியை மட்டும் சொல்லவில்லை, முதல் நல்ல மழைக்கு என்றும் சொல்லியிருந்தார். நான் பாதியைத்தான் கேட்டிருக்கிறேன். இப்போது தேதி வந்தாலும், மழைக்குப் பின் மண்வெட்டியால் ஒரு வெட்டு வெட்டி, ஒரு சாண் ஆழம் நனைந்திருந்தால்தான் நடுகிறேன்.

கறிவேப்பிலை இப்போது என் தோள் உயரம். ஜூலைக் குளிரில் இலையெல்லாம் கொட்டிக் குச்சியாக நிற்கும். செத்துவிட்டது என்று பிடுங்கிவிடாதீர்கள், நகத்தால் பட்டையை லேசாகக் கீறிப் பார்த்தால் பச்சை தெரியும். அக்டோபரில் துளிர்க்கும். முருங்கையும் அப்படித்தான். பனி விழும் இரவுகளில் அதன் நுனிக்கு ஒரு பழைய துணியைப் போர்த்திவிடுகிறோம்.

இதை எழுதும்போது ஏப்ரல் கடைசி. காலையில் மூடாக்கின்மேல் பனித்துளி இருந்தது. வெட்டிங் ஏஜென்ட் போட்டாயிற்று. வெந்தயத்தை எடுத்து வைத்தாயிற்று, கொத்தமல்லியை மகள் உள்ளங்கையால் தேய்த்து இரண்டாக உடைத்து வைத்திருக்கிறாள். சனிக்கிழமை 15 மில்லிமீட்டர் வரும் என்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமை காலை மண்வெட்டியை எடுத்துப் பார்க்க வேண்டும்.